அண்ணனுக்கு 'நோ'... தம்பிக்கு 'வெல்கம்'!

செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் நில்லுங்கள் சார்!

2017-ம் வருஷம் ஜனவரி மாசம் ஒரு அண்ணன் பிறந்தார். அதே வருஷம் அக்டோபரில் தம்பி. சரியாக ஒன்பது மாச இடைவெளி! 'அடப்பாவமே, தாய்க்கு ஓய்வே கிடையாதா?' என்று உச்சுக் கொட்டாதீர்கள். தாயின் பெயர் இன்டெல். அந்தம்மாவுக்கு இதெல்லாம் சர்வ சாதாரணம்.

அண்ணன் பெயர் கோர் ஐ5-7500. தம்பி பெயர் கோர் ஐ5-8400. இரண்டு பேருமே டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குள் மூளையாக உட்கார்ந்து வேலை பார்க்கிற பிராசஸர்கள். ரொம்ப ஒசத்தியும் இல்லை, ரொம்ப மட்டமும் இல்லை. நடுத்தரக் குடும்பம். நம்மைப் போல!

பெரிய பெரிய கம்பெனிகளின் ஏ.சி. ஹாலில் சில வருஷம் ஜம்மென்று உத்தியோகம் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கள் புது மெஷின் வாங்கியதும், இவர்களுக்கு வி.ஆர்.எஸ். கொடுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் தூசு துடைத்து, 'ரீஃபர்பிஷ்டு' என்று கௌரவமாக ஒரு பட்டம் கொடுத்து விற்கிறார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் ஊராக வருகிறார்கள்.

வேங்கிக்காலுக்கும் வருகிறார்கள்.

கிரிவலம் போகிறவர்களுக்கு வேங்கிக்கால் என்ற பெயர் பஸ் ஜன்னல் வழியாக மட்டும் பழக்கமாகியிருக்கலாம். ஆனால், மாவட்டத்துக்காரர்களுக்கு அது முக்கியமான ஊர். 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன்னால் கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். இப்போது கலெக்டர் ஆபீஸ் வேலூர் ரோட்டில், வேங்கிக்காலிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால், செய்யாறு, ஆரணி, செங்கம் என்று எல்லாத் திசையிலிருந்தும் மஞ்சள் பையும் மனுவுமாக ஜனங்கள் வருவார்கள்.

கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறதோ, அங்கே டீக்கடை இருக்கும். டீக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும். ஜெராக்ஸ் கடைக்குள் கண்டிப்பாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். இது உலக நியதி!

இப்படி வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் ஒரு இளைஞர். டிகிரி முடித்தாச்சு. குரூப் 4 பரீட்சை இரண்டு தடவை எழுதியாச்சு. இரண்டு தடவையும் கட்-ஆஃப் காலை வாரிவிட்டாச்சு. 'யாரோ அப்ளிகேஷன் போடறதை நாமளே காசு வாங்கிட்டுப் போட்டுக் கொடுத்தா என்ன?' என்று ஞானோதயம் வந்து, சின்னதாக ஒரு கடை போடப் போகிறார். அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. கையில் இருக்கிற பணத்தில் பிரிண்டர் வாங்க வேண்டும், மேஜை நாற்காலி வாங்க வேண்டும், அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மிச்சத்தில் ஒரு கம்ப்யூட்டர்.

கடைக்காரர் இரண்டு டப்பாவைக் காட்டுகிறார். ஒன்றில் அண்ணன், ஒன்றில் தம்பி. தம்பிக்கு விலை கொஞ்சம் ஜாஸ்தி.

"ரெண்டுமே ஐ5 தான் தம்பி. எதுக்கு வீணா செலவு? இதையே எடுத்துக்கிட்டுப் போங்க!" என்று அண்ணனைத் தட்டிக் கொடுக்கிறார் கடைக்காரர்.

எடுக்கலாமா? வளையல் சமாசாரம் ஆச்சே! நிதானமாகப் பார்ப்போம்.

ஜாதகப் பொருத்தம்

அண்ணனுக்கு உள்ளே நான்கு 'கோர்'. தம்பிக்கு ஆறு. அண்ணனின் அடிப்படை வேகம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், அவசரத்துக்கு மூச்சைப் பிடித்து 3.8 வரை ஓடுவார். தம்பியின் அடிப்படை வேகம் 2.8 தான், ஆனால், வேட்டியை மடித்துக் கட்டினால் 4.0 வரை ஓடுவார். 'கேஷ்' எனப்படும் கைக்கெட்டும் தூரத்து நினைவகம் அண்ணனுக்கு 6 எம்.பி., தம்பிக்கு 9 எம்.பி. இரண்டு பேருக்குமே 65 வாட் என்றுதான் கம்பெனி முத்திரை குத்தியிருக்கிறது. இரண்டு பேரும் டிடிஆர்4 ரேம் சாப்பிடுகிறவர்கள். படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் பகுதியும் கிட்டத்தட்ட ஒன்றேதான். பெயரில் மட்டும் தம்பிக்கு ஒரு எழுத்து கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? அடிப்படை வேகத்தை மட்டும் பார்த்தால் 3.4 பெரிசு, 2.8 சின்னது. இதை வைத்தே சில வியாபாரிகள் காது குத்துவார்கள். "பாருங்க சார், இதுதான் ஸ்பீடு ஜாஸ்தி!" என்று. அடிப்படை வேகம் என்பது எல்லா கோரும் மூச்சு விடாமல் உழைக்கும்போதும், 65 வாட் சூட்டுக்குள் நின்று, 'குறைந்தபட்சம் இவ்வளவு ஓடுவேன்' என்று கம்பெனி கொடுக்கிற உத்தரவாதம். நிஜத்தில் இரண்டு பேரும் பெரும்பாலான நேரம் அதற்கு மேலேதான் ஓடுவார்கள். ஆகவே 2.8 என்ற நம்பரைப் பார்த்துத் தம்பியை நோஞ்சான் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. அறிமுகமானபோது அண்ணனுக்கு இன்டெல் போட்ட விலை 192 டாலர். ஒன்பது மாசம் கழித்து வந்த தம்பிக்கு 182 டாலர். இரண்டு கோரைக் கூடுதலாகக் கொடுத்து, பத்து டாலரைக் குறைத்தும் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்களுக்கு ஏன் இந்தத் திடீர் தர்ம சிந்தனை?

எதிர்க்கடை வைத்தியம்

தெருவில் ஒரே ஒரு டீக்கடை இருக்கிறது என்று வையுங்கள். டம்ளர் அளவு வருஷக் கணக்கில் மாறவே மாறாது. கேட்டால், "இஷ்டம்னா குடிங்க!" என்று பதில் வரும். எதிரே இன்னொரு கடை திறக்கட்டும்... மறுநாளே டம்ளர் பெரிசாகிவிடும். கூட ஒரு பிஸ்கட்!

அதேதான் நடந்தது. 2009 செப்டம்பரில் முதல் கோர் ஐ5 வந்தபோது அதற்கு நான்கு கோர். 2017 ஜனவரியில் நம்ம அண்ணன் வந்தபோதும் அதே நான்கு கோர். ஏறக்குறைய ஏழரை வருஷம்! ஏழரைச் சனி பிடித்த மாதிரி, டெஸ்க்டாப் ஐ5 நான்கைத் தாண்டவே இல்லை. எதிரே உருப்படியான கடை இல்லாததுதான் காரணம்.

2017 மார்ச்சில் ஏஎம்டி கம்பெனி 'ரைசன்' என்ற பெயரில் எதிர்க்கடை போட்டது. அடுத்த மாசமே ரைசன் 5 1600 வந்தது. ஆறு கோர்! ஒவ்வொரு கோரும் இரண்டு வேலையை ஒரே சமயத்தில் கவனிக்கிற ரகம். இன்டெல்லுக்குத் தூக்கம் போயிற்று. அக்டோபர் 5-ம் தேதி தம்பி ஆறு கோரோடு வந்து இறங்கினார். போட்டி இருந்தால் ஜனங்களுக்கு லாபம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

நாலு சமையல்காரர், ஆறு சமையல்காரர்

சரி, இந்த 'கோர்' என்பது என்ன? பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறார்கள் அல்லவா? அந்தக் கொட்டகைக்குள் போவோம்.

கோர் என்பது சமையல்காரர். ஜிகாஹெர்ட்ஸ் என்பது அவருடைய கைவேகம். கேஷ் என்பது அவர் பக்கத்தில் இருக்கிற சின்ன முக்காலி. உப்பு, புளி, மிளகாய் எல்லாம் அதில் தயாராக இருக்கும். ரேம் என்பது பின்னாடி இருக்கிற பெரிய பெஞ்சு. ஹார்டு டிஸ்க் என்பது இரண்டு தெரு தள்ளி இருக்கிற மளிகைக் கடை.

ஆயிரம் பேருக்குக் காய் நறுக்க வேண்டும். நாலு பேர் நறுக்குவதைவிட ஆறு பேர் நறுக்கினால் சீக்கிரம் முடியும். கைவேகம் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றரை மடங்கு வேகம். இந்த இரண்டு பிராசஸரிலும் கோரின் உள் அமைப்பு ஒரே பரம்பரை. ஆகவே நம்ம அண்ணன்-தம்பி கணக்கும் இங்கே ஏறக்குறைய அதேதான்.

ஆனால், ஒரு அண்டா சாம்பார் கொதிக்க வேண்டும். சுற்றி ஆறு பேர் நின்று முறைத்துப் பார்த்தால் சீக்கிரம் கொதித்துவிடுமா? கொதிக்காது. கம்ப்யூட்டரிலும் பாதி வேலைகள் சாம்பார் வேலைகள்தான். ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. ஒரு கோர்தான் உழைக்கும். மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடத்தில் 3.8-க்கும் 4.0-க்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. நூற்றுக்கு ஐந்து. ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உங்க கடையில் என்ன பலகாரம்?

அதனால், எந்த பிராசஸர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும்.

மனு டைப் அடிப்பது, பயோடேட்டா போடுவது, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா நகல், வில்லங்கச் சான்று, போட்டோவையும் கையெழுத்தையும் அவர்கள் கேட்கிற அளவுக்குச் சுருக்குவது... இதெல்லாம் சாம்பார் ரகம். அண்ணனே அலட்சியமாகச் செய்வார். தம்பியை வைத்துச் செய்தாலும் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. பல சமயம் தாமதம் பிராசஸரால் வராது. கடைசித் தேதியன்று இரவு பதினோரு மணிக்கு மாநிலமே ஒரே வெப்சைட் மீது ஏறி உட்கார்ந்தால், ஆறு கோர் என்ன, அறுபது கோர் இருந்தாலும் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பழைய பேஜ்மேக்கரில் டிடிபி வேலை - இவையும் அப்படியே. பேஜ்மேக்கர் எழுதப்பட்ட காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோர்தான். மற்ற ஐந்து பேர் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது!

ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் கொஞ்சம் கனமான வேலை. தலைவர் படம், மாப்பிள்ளை படம், வாழ்த்துகிற நாற்பது நண்பர்களின் படம் என்று ஃபைல் ஊதிப் பெருத்துவிடும். அங்கே முதலில் கேட்பது ரேம். 8 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம்; 16 இருந்தால் நிம்மதி. பிராசஸர் அப்புறம்தான்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யப் போகிறீர்களா? இங்கேதான் தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். முழுக்க முழுக்க காய் நறுக்குகிற வேலை. கடைசியில் மொத்தப் படத்தையும் சேர்த்து வெளியே எடுக்கிற நேரத்தில், பிராசஸரையே நம்பியிருக்கிற சாஃப்ட்வேராக இருந்தால், அண்ணன் ஒன்றரை மணி நேரம் எடுப்பதைத் தம்பி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால் அது தூக்கம் சார், தூக்கம்!

ஆக, வேகம் மட்டும்தான் கணக்கு என்றால், நம்ம வேங்கிக்கால் இளைஞருக்கு அண்ணனே போதும். கடைக்காரர் சொன்னது சரி என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால், கதையில் ஒரு வில்லன் இருக்கிறார்.

லிஸ்டில் பேர் இல்லை!

தம்பி பிறந்து சரியாக நாலு வருஷம் கழித்து, 2021 அக்டோபர் 5-ம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 11-ஐ வெளியிட்டது. கூடவே, 'இந்த இந்த பிராசஸர்களுக்குத்தான் உள்ளே அனுமதி' என்று ஒரு பட்டியல். இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து வரவேற்பு. ஏழாம் தலைமுறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில விசேஷ ஆசாமிகளைத் தவிர மற்றவர்களுக்குக் கதவடைப்பு.

நம்பரைப் பாருங்கள். 7500-ன் முதல் எழுத்து 7. ஏழாம் தலைமுறை. 8400-ன் முதல் எழுத்து 8. எட்டாம் தலைமுறை. ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அண்ணன் வாசலில் நிற்கிறார். தம்பிக்குப் பன்னீர் தெளிக்கிறார்கள்!

விண்டோஸ் 11-க்கு 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. அண்ணன் இருக்கிற பல மெஷின்களில் அதுவும் இருக்கிறது. இருந்தும் பிரயோஜனம் இல்லை. தேர்தல் அன்று கையில் வாக்காளர் அட்டையோடு வரிசையில் நின்று, உள்ளே போனால் 'லிஸ்ட்ல பேர் இல்லீங்களே' என்பார்களே, அந்தக் கதைதான்.

மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம்: நிபந்தனைகளைப் பூர்த்தி செய்த மெஷின்களில் 99.8 சதவீதம் தகராறு இல்லாமல் ஓடுகிறது. பூர்த்தி செய்யாதவற்றில் கம்ப்யூட்டரே நிலைகுலைந்து விழுகிற சம்பவம் 52 சதவீதம் அதிகம். ஒன்பது மாச வித்தியாசத்தில் அண்ணனுக்கு அப்படி என்ன வயசாகிவிட்டது என்று உலகம் முழுக்கச் சண்டை போட்டுப் பார்த்தார்கள். பட்டியல் அசையவில்லை.

'சரி, விண்டோஸ் 10-லேயே இருந்துட்டுப் போறோம்' என்றால், அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் போனால் போகிறது என்று, பெயர் பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு வருஷம் நீட்டிப்பு அறிவித்தார்கள். ரிடையர் ஆனவருக்கு எக்ஸ்டென்ஷன் கொடுக்கிற மாதிரி.

அப்டேட் இல்லாட்டி என்ன குடியா முழுகிடும்?

கம்ப்யூட்டர் நின்றுவிடாது. அடுத்த நாள் காலையில் ஸ்விட்ச் போட்டால் எப்போதும் போல ஓடும். அதுதான் ஆபத்தே! கூரை ஒழுகுவது மழை வந்தால்தானே தெரியும்?

விண்டோஸ் மாதிரி பிரம்மாண்டமான ஒரு சாஃப்ட்வேரில் ஓட்டைகள் வருஷம் முழுக்கக் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். மாசா மாசம் வருகிற அப்டேட் அந்த ஓட்டையை அடைக்கிற சிமென்ட். ஆதரவு முடிந்த பிறகும் ஓட்டைகள் வரும். சிமென்ட் மட்டும் வராது.

அண்ணனும் தம்பியும் பிறந்த அதே 2017-ல் நடந்தது இது. மே மாசம் 'வான்னாக்ரை' என்ற ஒரு நாசகார புரோகிராம் ஏறக்குறைய 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு 'பணம் கொடுத்தால்தான் சாவி' என்றது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தடுமாறிப் போயின. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாசம் முன்னாலேயே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்றவர்கள் மாட்டினார்கள். 2014-லேயே காலக்கெடு முடிந்துபோன எக்ஸ்பி மெஷின்களுக்கு அந்த அப்டேட் வந்ததே தாக்குதல் ஆரம்பித்த பிறகுதான்.

வீட்டில் பாட்டு கேட்கிற கம்ப்யூட்டர் என்றால் போகட்டும். வேங்கிக்கால் கடையில் இருப்பது யாருடைய சொத்து? செங்கத்திலிருந்து வந்த பெரியவரின் ஆதார் நகல். விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட வந்த அம்மாளின் பேங்க் பாஸ்புக். பத்தாம் கிளாஸ் பையனின் மார்க் ஷீட். அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுவதற்காக அவசரமாகத் தட்டிய கார்டு நம்பர். டெஸ்க்டாப்பில் 'நியூ ஃபோல்டர் 27' என்ற பெயரில் ஊரார் பீரோவே உட்கார்ந்திருக்கிறது! அதற்குப் பூட்டு இருக்கிறதா, இல்லையா என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தானே அவர் ஆதார் கார்டை நீட்டுகிறார்?

'அதெல்லாம் குறுக்கு வழியிலே விண்டோஸ் 11 ஏத்திடலாம் சார்' என்று சொல்லுகிற கில்லாடிகளும் இருக்கிறார்கள். ஏற்றலாம். ஏறவும் ஏறும். ஆனால், இப்படி ஏற்றிய மெஷின்களுக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. டிக்கெட் இல்லாமல் ரயிலில் போகிற மாதிரி. ஊர் போய்ச் சேரலாம். வழியில் இறக்கியும் விடலாம். வீட்டில் பரிசோதனை செய்து பார்க்கிற பையன்களுக்குச் சரி. நாலு பேர் பத்திரங்கள் இருக்கிற கடைக்கு வேண்டாம்.

'அண்ணனை வாங்கி, அப்புறம் தம்பியா மாத்திக்கலாமா?'

புத்திசாலித்தனமான கேள்வி. பதில்: முடியாது!

இரண்டு பேருக்குமே அடியில் 1151 தொடுமுனைகள். சாக்கெட் பெயரும் ஒன்றே. தூக்கி வைத்தால் கச்சிதமாக உட்காரும் போலத் தெரியும். ஆனால், தம்பிக்கு இன்டெல்லின் 300 வரிசை சிப்செட் இருக்கிற மதர்போர்டு வேண்டும். அண்ணன் உட்கார்ந்திருப்பது 100 அல்லது 200 வரிசை. அதில் தம்பியை வைத்தால் பொட்டு வெளிச்சம் வராது. மதர்போர்டையும் சேர்த்து மாற்றினால், அது பட்டன் தைக்கப் போய்ச் சட்டையையே மாற்றின கதை. ஆகவே வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

ஏமாறாமல் வாங்க ஐந்து கேள்விகள்

1. 'ஐ5' என்று மட்டும் சொன்னால் தலையாட்டாதீர்கள். "ஐ5-ல எந்த ஜெனரேஷன்?" என்று கேளுங்கள். நான்கு இலக்க நம்பரில் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு. 10400 என்றால் பத்தாம் தலைமுறை. ஐ5 என்ற பெயர் பி.ஏ. என்கிற மாதிரி. எந்த வருஷத்து பி.ஏ. என்று தெரிய வேண்டாமா?

2. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மெஷினை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். வருகிற ஜன்னலில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால் பிராசஸரின் முழுப் பெயர், கோர் எண்ணிக்கை எல்லாம் சாட்சி சொல்லும்.

3. மாடல் நம்பரைப் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸில் 3050, 5050, 7050 என்றால் அண்ணன் காலத்து மெஷின். 3060, 5060, 7060 என்றால் தம்பி காலம். ஹெச்பி எலைட்டெஸ்க் 800-ல் ஜி3 அண்ணன் பக்கம். ஜி4 தம்பி பக்கம்.

4. "எஸ்எஸ்டி இருக்கா?" இதுதான் ரொம்ப முக்கியம். பழைய சுற்றுகிற ஹார்டு டிஸ்க் என்பது இரண்டு தெரு தள்ளிய மளிகைக் கடை என்று பார்த்தோமே. எஸ்எஸ்டி போட்டால் அந்தக் கடை சமையலறைக்கே வந்துவிடும். சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் தகவல்களைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் நூறு மடங்கு வாக்கில் இருக்கும். எஸ்எஸ்டி போட்ட அண்ணன், ஹார்டு டிஸ்க் போட்ட தம்பியை அன்றாட வேலையில் ஓட ஓட விரட்டுவார்!

5. பவர் சப்ளையைக் கவனியுங்கள். இந்தக் கம்பெனி மெஷின்கள் பலவற்றில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். ரிப்பேர் என்றால் பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாதா உருப்படி பொருந்தாமல் போகலாம். எத்தனை நாள் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை வாசல்படி தாண்டினால் காற்று.

கொசுறு: மூன்றாவதாக ஒரு பங்காளி

தம்பியோடு அதே நாளில் பிறந்த ஒரு ஒன்றுவிட்ட சகோதரர் உண்டு. பெயர் கோர் ஐ3-8100. ஐ3 என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவருக்கும் நான்கு கோர். வேகம் 3.6 ஜிகாஹெர்ட்ஸ். கேஷ் 6 எம்.பி. அப்படியே அண்ணனின் அச்சு! ஆனால், நம்பர் 8-ல் ஆரம்பிக்கிறது. விண்டோஸ் 11 லிஸ்டில் பேர் இருக்கிறது. 'ஐ5 வெச்சிருக்கேன்' என்று பந்தா பண்ண முடியாதே தவிர, மனு டைப் அடிக்கிற கடைக்கு ஐ5-7500-ஐவிட இந்த ஐ3-8100 உத்தமம். ஐ3 என்ற பெயராலேயே விலையும் கொஞ்சம் இறங்கி வரக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

'ஏற்கெனவே அண்ணனை வாங்கிட்டேனே, ஐயோ!'

பதறாதீர்கள். தூக்கிப் போட வேண்டாம். நல்ல உழைப்பாளி அவர்.

ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸ் ஏற்றுங்கள். காசு கிடையாது, பாதுகாப்பு அப்டேட்டும் தவறாமல் வரும். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' லினக்ஸும் இருக்கிறது. தமிழ் டைப்பிங், கடிதம், கணக்கு, இன்டர்நெட் எல்லாம் நடக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பேஜ்மேக்கர் மாதிரி விண்டோஸையே கட்டிக்கொண்டு அழுகிற சமாசாரங்கள் உங்கள் தொழிலில் இருந்தால், அவை லினக்ஸில் ஓடுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அது சரிப்படாதா? இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அண்ணனை வெறும் டிசைன் வேலைக்கும் டைப்பிங்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், பணம் கட்டுகிற வேலையெல்லாம் இன்னொரு மெஷினில். எந்த மெஷினாக இருந்தாலும் வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் ஃபைல்களை அழித்துவிடுங்கள். இதற்கு பிராசஸர் வேண்டாம், மனசு போதும்.

தீர்ப்பு

கடை போடுகிறவர்கள், ஆபீஸ் வேலையை வீட்டில் செய்கிறவர்கள், பிள்ளைகள் படிப்புக்கு வாங்குகிறவர்கள்: எட்டாம் தலைமுறைக்குக் குறைந்து தொடாதீர்கள். பணம் இடித்தால் ஐ3-8100. கொஞ்சம் புரட்ட முடிந்தால் ஐ5-8400. எதுவானாலும் எஸ்எஸ்டி, 8 ஜி.பி. ரேம் கட்டாயம்.

வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள்: யோசனையே வேண்டாம், ஐ5-8400. அதற்கு மேலே போக முடிந்தால் இன்னும் நல்லது.

லினக்ஸ் தெரிந்தவர்கள், அல்லது இன்டர்நெட்டே வேண்டாம் என்கிறவர்கள்: ஐ5-7500 மலிவாகக் கிடைத்தால் கொத்திக்கொண்டு போங்கள். மற்றவர்கள் ஒதுக்குகிற காரணம் உங்களுக்குப் பொருந்தாது. பேரம் பேசுவதற்கு மட்டும் பொருந்தும்!

இருமலுக்கு மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறோம். பால் பாக்கெட்டில் பார்க்கிறோம். அம்மா வளையலை அடகு வைத்து வாங்குகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் 'எவ்ளோ ஸ்பீடு?' என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இனிமேல் கடைக்குப் போனால் முதல் கேள்வி, "இதுக்கு எதுவரைக்கும் அப்டேட் வரும்?" என்பதாக இருக்கட்டும்.

கடைக்காரர் பதில் சொல்லாமல் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தால், நீங்களும் ஒரு தடவை ஃபேனைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!